ஸ்கிப் ஆனது எதனால்?

பல சர்வர்களை ஒரே பிளேபுக்கால் அமைக்கும் கருவியான ஆன்சிபிள் ஓடும்போது திரையில் நான்கு நிறங்கள் வரும். சர்வர் ஏற்கெனவே சரியாக இருந்தால் பச்சை, ஏதாவது மாற்றினால் மஞ்சள், தோற்றால் சிவப்பு, நிபந்தனை பொருந்தாமல் டாஸ்க்கை விட்டுவிட்டால் வெளிர்நீலம். சிவப்பைக் கண்டால் நிமிர்ந்து உட்காருவோம். மஞ்சளைச் சிலர் படிப்பார்கள். நீலத்தை யாரும் படித்து நான் பார்த்ததில்லை. "இந்த சர்வருக்கு வேண்டாம் போல" என்று கண் தாண்டிவிடுகிறது.

நீலம் "வேண்டாம்" என்று சொல்வதில்லை. "நீ கேட்ட கேள்விக்கு இல்லை என்று விடை வந்தது" என்று மட்டும் சொல்கிறது. கேள்வியே கோணலாக இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க அதற்கு வழி கிடையாது. மைனஸ் வி போட்டு ஓட்டினால் எந்த நிபந்தனை பொய்யானது என்பதும் வரும். பத்து சர்வர் என்றால் அதையும் உட்கார்ந்து படிக்கலாம். இருநூறு என்றால் எவர் படிப்பார்?

*

கோணல் கேள்விக்கு ஓர் உதாரணம், ரெட் ஹாட் வகை சர்வர்கள். 8ஆம் பதிப்பிலிருந்து மேலே மட்டும் ஓட வேண்டிய ஒரு டாஸ்க், ஃபயர்வால் விதி என்று வைத்துக்கொள்வோம். கீழே நிபந்தனையை எழுதும் வென் வரியில், மேஜர் வெர்ஷன் '8'க்குச் சமம் அல்லது அதற்கு மேல் என்று, 8ஐ மேற்கோள்குறிக்குள் போட்டு எழுதியிருப்பார்கள். 8இல் ஓடும். 9இல் ஓடும். 2025 மே மாதம் ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 வந்தது, அதில் ஓடாது. பிழைச் செய்தி எதுவும் இல்லை, ஒரு நீல வரி, அவ்வளவுதான்.

காரணம் எளிது. ஆன்சிபிள் அந்தப் பதிப்பு எண்ணை எண்ணாக வைத்திருப்பதில்லை, ஸ்ட்ரிங்காக வைத்திருக்கிறது. ஸ்ட்ரிங்கோடு ஸ்ட்ரிங்கை ஒப்பிட்டால் அகராதி வரிசைதான் கணக்கு. '10' என்பதில் முதல் எழுத்து 1. அது 8க்கு முன்னால் வரும். ஆகவே பத்து எட்டைவிடச் சிறியது. டெபியன் 10 வந்த 2019இலேயே இதே கதை நடந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

மேற்கோள்குறி இல்லாமல் வெறும் 8 என்று எழுதியிருந்தால், ஸ்ட்ரிங்கையும் எண்ணையும் ஒப்பிட முடியாது என்று முதல் நாளே சிவப்பில் நின்றிருக்கும். அநேகமாக அப்படித்தான் நின்றிருக்கும். அதைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று யாரோ மேற்கோள்குறி போட்டிருப்பார்கள். செய்ய வேண்டியது வேறு: பைப் போட்டு இன்ட் ஆக்கியிருக்கலாம், அல்லது வெர்ஷன் என்ற டெஸ்ட்டைக் கூப்பிட்டிருக்கலாம். 22.04 மாதிரி புள்ளி வைத்த உபுண்டு எண்களுக்கு இரண்டாவதுதான் சரி.

*

கர்னல் அப்டேட் ஆன பிறகு "ரீபூட் தேவையா?" என்று கேட்டு, தேவை என்றால் மட்டும் ரீபூட் செய்வது. புதிதாக வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இதுதான். நான்கு டாஸ்க்கில் எல்லாப் பொறிகளும் இருக்கின்றன.

உபுண்டுவில் வார்-ரன் டைரக்டரிக்குள் ரீபூட்-ரெக்வயர்டு என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று ஸ்டாட் மாட்யூலை வைத்துப் பார்க்கலாம். இருந்தால் ரீபூட் தேவை. இல்லாவிட்டால் தேவையில்லை என்று அர்த்தமா? அங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்த ஃபைலை கர்னல் தானாக வைப்பதில்லை; அப்டேட்-நோட்டிஃபையர்-காமன் போன்ற துணைப் பேக்கேஜ் ஒன்று வைக்கிறது. எல்லாவற்றையும் கழித்துச் சின்னதாக்கிய இமேஜில் அந்தப் பேக்கேஜ் இல்லை என்றால், எத்தனை கர்னல் மாறினாலும் ஃபைல் வராது. சொல்ல ஆளில்லாத இடத்தில் "யாரும் ஒன்றும் சொல்லவில்லை" என்று எழுதிக்கொள்வோம்.

ரெட் ஹாட் பக்கம் நீட்ஸ்-ரீஸ்டார்ட்டிங் என்ற கமாண்டை மைனஸ் ஆர் போட்டு ஓட்ட வேண்டும். ரீபூட் தேவையில்லை என்றால் 0 திருப்பும், தேவை என்றால் 1. கமாண்ட் மாட்யூலுக்கோ 0 தவிர எது வந்தாலும் தோல்வி. ஆகவே ரீபூட் தேவைப்படுகிற சர்வர்தான் சிவப்பில் விழும். ஃபெயில்டு-வென் வரியில் 0, 1 இரண்டையும் ஒப்புக்கொண்டு மற்றதை மட்டும் தோல்வி என்று எழுத வேண்டும். சேஞ்ச்டு-வென் ஃபால்ஸ் என்றும் போட வேண்டும். கேள்வி கேட்டதால் சர்வரில் எதுவும் மாறிவிடவில்லை.

இனி பெரிய பொறி. இரண்டு டாஸ்க்கும் விடையை ரிஜிஸ்டர் செய்கின்றன. இரண்டும் ஒரே கேள்விதானே என்று இரண்டுக்கும் ஒரே வேரியபிள் பெயர் கொடுத்துவிடத் தோன்றும். முதல் டாஸ்க் உபுண்டுவுக்கு, இரண்டாவது ரெட் ஹாட்டுக்கு. எந்த சர்வரிலும் ஒன்றுதான் ஓடும், மற்றது ஸ்கிப். அப்புறம் என்ன மோதல்? ஸ்கிப் ஆன டாஸ்க்கும் ரிஜிஸ்டர் செய்யும் என்பதுதான் மோதல். உபுண்டு சர்வரில் முதல் டாஸ்க் "ஃபைல் இருக்கிறது" என்று எழுதி வைக்கும். இரண்டாவது ஸ்கிப் ஆகிப் போகிற போக்கில் அதே பெயரின் மேல் "நான் ஸ்கிப் ஆனேன்" என்று எழுதிவிட்டுப் போகும். அடுத்து ரீபூட் டாஸ்க் வந்து அந்த வேரியபிளைத் திறந்து பார்த்தால் ஸ்டாட் என்ற பகுதியே இருக்காது.

இதுவரை கெட்டது ஒன்றும் இல்லை. அப்படி ஒரு அட்ரிபியூட் இல்லை என்று சிவப்பில் நிற்கும், பார்த்துத் திருத்தலாம். ஆனால் இந்தச் சிவப்பை அணைக்க எல்லார் கையிலும் ஒரு மருந்து இருக்கிறது: பைப் போட்டு டிஃபால்ட் ஃபால்ஸ். போட்டதும் சிவப்பு போய்விடும். கூடவே உபுண்டு சர்வர்கள் ரீபூட் ஆவதும் நின்றுவிடும். மாதாமாதம் கர்னல் பேட்ச் ஏறிக்கொண்டே இருக்கும், ஓடுவது பழைய கர்னலாகவே இருக்கும். ரிப்போர்ட்டில் "பேட்ச் முடிந்தது" என்று போகும். சும்மா சொல்லவில்லை, வெவ்வேறு வேடத்தில் இதைப் பல பிளேபுக்குகளில் பார்த்தாகிவிட்டது.

பெயரை இரண்டாக்கினால் தீர்ந்தது.

*

கிரெப்பிலும் இதே பொறி: தேடியது கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, ஃபைலே இல்லை போன்ற உண்மையான கோளாறு என்றால் 2. இதற்கு இக்னோர்-எரர்ஸ் போடுகிறவர்கள் 1ஐயும் 2ஐயும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். "அந்த வரி இல்லை" என்பதும் "என்னால் பார்க்கவே முடியவில்லை" என்பதும் ஒன்றா?

ஃபெயில்டு-வென் கீழே பட்டியலாக எழுதினால் எல்லா வரியும் உண்மையானால்தான் தோல்வி. பாதிப் பேர் ஏதாவது ஒன்று போதும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

*

பழைய கருவிகளுக்கு நிபந்தனை விஷயத்தில் தெளிவு அதிகம். 1993இல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜெஸ் எழுதிய சிஎஃப்எஞ்சினில் நிபந்தனைதான் முதலில் வரும். லினக்ஸ் என்று ஒரு கிளாஸ், பின்னால் இரட்டை முக்காற்புள்ளி, அதன் கீழே அந்த வகை சர்வருக்கு உரியவை. முதலில் நீ யார் என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சே. பப்பெட்டில் எக்ஸெக்கோடு ஒன்லி-இஃப், அன்லெஸ். ஷெஃப்பில் ஒன்லி-இஃப், நாட்-இஃப். 2012இல் மைக்கேல் டிஹான் ஆன்சிபிளைக் கொண்டுவந்தபோது டாஸ்க்தான் மேலே நின்றது, நிபந்தனை அதன் கீழே ஒட்டும் வரியாயிற்று. படிக்கச் சுலபம். அதனாலேயே, டாஸ்க்கை எழுதி முடித்த பிறகு ஞாபகம் வந்து செருகும் வரியாகவும் ஆகிவிட்டது என்பது என் கட்சி.

*

இம்போர்ட்-டாஸ்க்ஸ், இன்க்ளூட்-டாஸ்க்ஸ். இரண்டும் இன்னொரு ஃபைலில் இருக்கும் டாஸ்க்குகளைக் கொண்டுவருகின்றன. வென் போடாதவரை வித்தியாசம் தெரியாது.

இன்க்ளூட் என்றால் வாசலில் ஒரே ஒரு தடவை கேள்வி. ஆம் என்றால் உள்ளே இருப்பது எல்லாம் ஓடும். இம்போர்ட் என்றால் அந்த வென் உள்ளே இருக்கும் ஒவ்வொரு டாஸ்க்கின் கீழும் ஒட்டப்படும். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்கப்படும். "இந்த வேரியபிள் இன்னும் இல்லை என்றால்" என்று நிபந்தனை வைத்து, உள்ளே முதல் டாஸ்க்கே அந்த வேரியபிளை செட் செய்தால் என்ன ஆகும்? முதல் டாஸ்க் ஓடும், மீதி எல்லாம் ஸ்கிப். பந்தியில் "இன்னும் சாப்பிடாதவருக்கு மட்டும் பரிமாறு" என்று சொல்லி அனுப்பி, ஊறுகாய் வைத்ததுமே அவர் சாப்பிட்டவர் கணக்கில் சேர்ந்து, சோறு வராமல் போவது போல.

பிளாக்கின் மேல் போடும் வென்னும் இம்போர்ட் மாதிரிதான், ஒவ்வொரு டாஸ்க்குக்கும் தனித்தனியாகக் கேட்கும். லூப்பிலும் ஒவ்வொரு உருப்படிக்கும் தனியாக. லூப்பில் இன்னொன்று: பட்டியலை முதலில் திறந்துவிட்டுத்தான் நிபந்தனையைக் கேட்கும். ஆகவே "பட்டியல் இருந்தால்" என்ற வென், பட்டியல் இல்லாத சர்வரைக் காப்பாற்றாது. அங்கே டிஃபால்ட் வெற்றுப் பட்டியல் போடுவது நியாயமானது. மேலே திட்டிய அதே டிஃபால்ட்தான்.

*

ராத்திரி ஷிஃப்ட்டில் பக்கத்து மேசையில்:

"அண்ணா, ரெண்டாவது தடவை ஓட்டினேன். எல்லாம் பச்சை. ஆனா ரூட் லாகின் இன்னும் உள்ளே விடுதே?"

"முதல் தடவை எங்கே நின்னுச்சு?"

"ஏழாவது டாஸ்க்ல. ஏபிடி லாக். வேற யாரோ அப்டேட் ஓட்டிட்டு இருந்திருக்காங்க."

"அப்போ ஹேண்ட்லர் ஓடவே இல்ல, தம்பி."

நடந்தது இதுதான். மூன்றாவது டாஸ்க் எஸ்எஸ்ஹெச்டி கான்ஃபிக் ஃபைலை மாற்றியது: ரூட் லாகின் கூடாது. மாற்றியதால் ரீஸ்டார்ட் ஹேண்ட்லருக்கு நோட்டிஃபை போயிற்று. ஹேண்ட்லர் அங்கேயே ஓடாது. டாஸ்க்குகள் எல்லாம் முடிந்த பிறகுதான் ஓடும். நடுவில் ஏழாவது டாஸ்க் தோற்றதால் அந்த சர்வர் ஆட்டத்தைவிட்டு வெளியே, ஹேண்ட்லர் ஓடவில்லை. லாக் போனதும் மறுபடி ஓட்டினால் மூன்றாவது டாஸ்க் பார்க்கிறது: ஃபைல் சரியாக இருக்கிறது, பச்சை. பச்சை என்றால் நோட்டிஃபை இல்லை. ஃபைலில் ஒரு சட்டம், ஓடிக்கொண்டிருக்கும் எஸ்எஸ்ஹெச்டியின் நினைவில் இன்னொரு சட்டம். இனி எத்தனை தடவை ஓட்டினாலும் பச்சைதான்.

ஃபோர்ஸ்-ஹேண்ட்லர்ஸ் போட்டால் டாஸ்க் தோற்றாலும் ஹேண்ட்லர் ஓடும். முக்கியமான மாற்றத்துக்குக் கீழேயே மெட்டா ஃப்ளஷ்-ஹேண்ட்லர்ஸ் போட்டுக் கையோடு ஓட்டிவிடலாம். இரண்டும் நல்லவை. ஆனாலும் அடியில் இருக்கும் கேள்வி மாறவில்லை: ஹேண்ட்லர் "இந்த ஓட்டத்தில் நான் மாற்றினேனா?" என்று என்னைப் பற்றிக் கேட்கிறது. கேட்க வேண்டியது சர்வரைப் பற்றி: "ஃபைல் மாறிய நேரம் சர்வீஸ் தொடங்கிய நேரத்துக்குப் பிந்தியதா?" 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற கருவி இந்த மாதிரிக் கேள்வியைத்தான் கேட்கிறது, சோர்ஸ் ஃபைல் புதியதா, கட்டி வைத்தது புதியதா என்று. நேற்று யார் எதை ஓட்டி எங்கே நின்றது என்பது பற்றி அதற்குக் கவலையே இல்லை.

*

மைனஸ் ஈ போட்டு, வேரியபிள் பெயர், சமக்குறி, ஃபால்ஸ் என்று கொடுத்தால் உள்ளே போவது பொய் அல்ல; ஃபால்ஸ் என்ற ஐந்தெழுத்து ஆங்கில ஸ்ட்ரிங். காலியாக இல்லாத ஸ்ட்ரிங் எல்லாம் உண்மை. ஆகவே வென்னில் வெறும் பெயரை மட்டும் எழுதியிருந்தால், "வேண்டாம்" என்று சொன்ன டாஸ்க் ஓடும். மிகப் பழைய பதிப்புகள் அந்த ஸ்ட்ரிங்கை மறுபடி பிரித்துப் பார்த்துப் பொய்யாக்கிக்கொண்டிருந்தன. பிறகு அந்தச் சலுகை போயிற்று. பைப் பூல் போட வேண்டும், அல்லது ஜேசன் வடிவில் கொடுக்க வேண்டும். 2025இல் வந்த ஆன்சிபிள்-கோர் 2.19 கறாராகிவிட்டது: நிபந்தனையின் விடை பூலியனாக இல்லாவிட்டால் பிழை. அப்கிரேடு செய்தவர்கள் திட்டித் தீர்த்திருப்பார்கள். எனக்கு அது அந்தப் பதிப்பின் மிக நல்ல காரியமாகப் படுகிறது.

ஷெல்லில் காலி வேரியபிளின் கொடுமை இதைவிட மோசம். 2015 ஜனவரியில், வீடியோ கேம் செயலியான ஸ்டீமின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் வெளிப்பட்டது: ஸ்டீம் இருக்கும் டைரக்டரியின் பெயர் வர வேண்டிய வேரியபிள் காலியானால், அதற்குள் இருப்பதை அழிக்கும் கமாண்ட் டிஸ்க்கின் வேரிலிருந்து அழிக்கத் தொடங்கும். அந்த வரிக்கு மேலே, பயமாக இருக்கிறது என்ற பொருளில் எழுதியவரே ஒரு கமெண்டும் போட்டிருந்தார். கமெண்டுக்குப் பதில் ஒரு இஃப் போட்டிருக்கலாம்.

*

பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலின் கதையை எல்லாரும் "எட்டாவது சர்வர்" கதையாகவே சொல்கிறார்கள். 2012 ஆகஸ்ட் 1. பங்கு ஆர்டர்களை அனுப்பும் எட்டு சர்வர்களுக்குப் புதிய கோடு போக வேண்டும், ஏழுக்குத்தான் போனது. சந்தை திறந்த முக்கால் மணி நேரத்தில் 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அமெரிக்கப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்இசி அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆணையில் விவரமாக இருக்கிறது.

எனக்கு அதில் மற்ற இரண்டு விஷயங்கள்தான் உறைத்தன. ஒன்று, ஃப்ளாக். பவர் பெக் என்ற பழைய பகுதியை 2003இலேயே பயன்படுத்துவதை நிறுத்தியிருந்தார்கள், ஆனால் கோடிலிருந்து எடுக்கவில்லை. அதை முடுக்கிய அதே ஃப்ளாக்கைப் புதிய வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏழு சர்வரில் அந்த ஃப்ளாக்குக்குப் புதிய அர்த்தம், எட்டாவதில் பழைய அர்த்தம். நிபந்தனை ஒன்றுதான், கேட்கும் காது வேறு. போதாக்குறைக்கு, கோளாறைத் தேடும்போது சரியாக இருந்த ஏழிலிருந்தும் புதிய கோடை எடுத்துவிட்டார்கள். எட்டிலும் பவர் பெக் எழுந்துகொண்டது.

இன்னொன்று, சந்தை திறப்பதற்கு முன்பே பவர் பெக்கின் பெயரைச் சொல்லி 97 மெயில்கள் உள்ளுக்குள் போயிருந்தன. அவை எச்சரிக்கை என்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. வழக்கமாக யாரும் படிப்பதில்லை.

*

ரன்-ஒன்ஸ் கூட வென் சேர்த்தால், முதல் சர்வரை மட்டும் கேட்டுவிட்டு எல்லாருக்கும் அதுவே முடிவு. டேட்டாபேஸ் மைக்ரேஷன் ஒரு தடவை ஓட வேண்டும். பட்டியலில் முதலாவதாக இருக்கும் சர்வர் இன்று மெயின்டனன்ஸில் இருக்கிறது, அதற்கு நிபந்தனை பொய். மைக்ரேஷன் யாருக்குமே ஓடாது. சீரியல் போட்டு சர்வர்களைத் தொகுதிகளாகப் பிரித்திருந்தால் நேர்மாறு: ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு தடவை ஓடும்.

*

முக்கால்வாசி வென் வரிகள் இல்லாமலே இருக்கலாம். டைரக்டரி இருக்கிறதா என்று ஸ்டாட் போட்டுப் பார்த்து, இல்லை என்றால் உருவாக்கு என்று இரண்டு டாஸ்க் எழுதுகிறார்கள். ஃபைல் மாட்யூலே அதைக் கேட்டுவிட்டுத்தான் கை வைக்கும். பேக்கேஜ் நிறுவும் மாட்யூல்களும் அப்படியே. கமாண்ட் மாட்யூலுக்குக்கூட கிரியேட்ஸ் இருக்கிறது. அந்த ஃபைல் இருந்தால் ஓடாது.

ஓஎஸ் வித்தியாசத்தை ஒவ்வொரு டாஸ்க்கின் கீழும் எழுதுவதை விட்டு, டெபியனுக்கு ஒரு வேரியபிள் ஃபைல், ரெட் ஹாட்டுக்கு ஒன்று என்று வைத்து, எது பொருந்துகிறதோ அதை மட்டும் ஏற்றலாம். எதுவுமே பொருந்தவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும், சிவப்பாக. புதிதாக சூசே சர்வர் ஒன்று வந்து சேர்ந்தால் முப்பது நீல வரிகளைவிட அது மேல். வென்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் மேலே அஸர்ட் ஒன்றாவது போடட்டும்: ஓஎஸ் இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும்.

சர்வர் பெயரை வைத்து எழுதிய வென் பற்றித் தனியாக எழுத வேண்டும். வெப்-01 என்று பெயர் இருந்தால் செர்டிபிகேட்டைப் புதுப்பி என்று. வெப்-01 ஓய்வு பெற்ற பிறகு அந்த டாஸ்க் யாருக்காகக் காத்திருக்கிறது?

*

செக் மோடில் கமாண்ட், ஷெல் இரண்டும் பொதுவாக ஸ்கிப் ஆகும். அவற்றின் விடையை நம்பிய வென் எல்லாம் அங்கே தடுமாறும். வெறும் கேள்வி கேட்கும் டாஸ்க் என்றால் அதன் கீழே செக்-மோட் ஃபால்ஸ் போட்டுவிட வேண்டும், ஒத்திகையிலும் ஓடட்டும். டேக்கிலும் இதே சிக்கல்: ரிஜிஸ்டர் செய்யும் டாஸ்க்குக்கு டேக் போட மறந்துவிட்டு, பயன்படுத்தும் டாஸ்க்குக்கு மட்டும் போடுவது.

திரை நீளமாக ஓடுகிறது என்று டிஸ்ப்ளே-ஸ்கிப்டு-ஹோஸ்ட்ஸை அணைத்து வைக்கிறார்கள். நீல வரிகள் அப்புறம் திரைக்கே வராது. கடைசியில் ரீகேப்பில் ஒவ்வொரு சர்வருக்கும் ஸ்கிப்டு எத்தனை என்ற எண் மட்டும் மிஞ்சும். ஒரே வேலை செய்யும் சர்வர்களுக்கு அந்த எண் ஒன்றாக இருக்க வேண்டும். பன்னிரண்டு வெப் சர்வரில் பதினொன்றுக்கு 14, ஒன்றுக்கு 19 என்றால், அணைத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு, அந்த ஒன்றை மைனஸ் வி போட்டு, லிமிட்டில் அதன் பெயரைக் கொடுத்துத் தனியாக ஓட்டிப் பார்க்கவும்.